ராசம்மை சித்தி எங்களை வைத்திருந்த காலம்

ஓடுகிறோம். லில்லி என் இடுப்பில். தாசன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அம்மா எங்களுக்குப் பின்னால். சந்தை முக்கில் போலீஸ் துப்பாக்கி வெடிக்கிற சத்தம். முதலில் ஒன்று, தனியாக. காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல். பிறகு எண்ண முடியவில்லை.

"வெடி வைக்கானுவ! குனிஞ்சு ஓடுங்க மக்களே! குனிஞ்சு!"

கத்தியது ஆண் குரல். ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது. குனிந்தேன். லில்லியின் தலை என் தாடையில் இடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயில் ரத்தம். குண்டு பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

1954, ஆகஸ்ட் மாதம். எனக்குப் பதினொரு வயது. பெயர் பாக்கியம். தம்பி தாசனுக்கு ஏழு. தங்கை லில்லிக்கு நாலு முடியவில்லை. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. விளவங்கோட்டுப் பக்கம் என்பது போதும். பெயரைச் சொன்னால் அன்று கதவைச் சாத்திக்கொண்டவர்களும் பெருமையில் பங்கு கேட்டு வருவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

ஏன் ஓடினோம் என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம். நாங்கள் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சியில். அப்பா மேடையில் பேசுகிறவர். ஆடி பிறந்ததுமே போலீஸ் தேடத் தொடங்கியது. அப்பா வீட்டுக்கு வருவதில்லை. அன்றைய ஊர்வலத்தில் பெண்களை முன்னால் நிறுத்தினார்கள். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் முன்னால். பிள்ளைகளைக் கண்டால் சுடமாட்டார்கள் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் பின்னால் நின்றார்கள்.

அம்மா விழுந்தாள். சத்தம் போடவில்லை. திரும்பிப் பார்த்தேன். இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருக்கிறாள். சேலை கறுப்பாகிறது. நான் நின்றேன்.

"ஏட்டி பாக்கியம், நிக்காத! சின்னதுகளக் கொண்டு போ! திரும்பிப் பாக்காத!"

போனேன். அடிபட்டவளை விட்டுவிட்டு ஓடுவது பிள்ளைக்கு அழகா என்று பிற்காலத்தில் ஒரு உறவுக்காரர் கேட்டார். அவர் அன்று ஊரிலேயே இல்லை.

தோட்டுக்குள், ஊர் ஓடைக்குள், இறங்கினோம். ஓரத்தில் தாழம்புதர். இடுப்பளவு தண்ணீர். லில்லியின் வாயைப் பொத்திக்கொண்டேன். மேலே பூட்ஸ் சத்தம். மரப்பாலத்தில் ஓடுகிற சத்தம். ஒரு நாய் குரைத்தது. ஒரு வெடி. நாய் குரைக்கவில்லை. இருட்டுகிற வரை அப்படியே நின்றோம். தாசனுக்கு அன்று தொடங்கிய திக்கல் போகவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் பெரிய மாமன் வீட்டுக்குப் போனோம். அம்மாவின் அண்ணன். ஓட்டு வீடு, முற்றம் நிறைய தேங்காய். திருவிழாவுக்குப் போனால் எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவர். அன்று வாசலைத் தாண்ட விடவில்லை. மாமி ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"போலீசு வரும் மக்கா. எனக்கும் பிள்ளையள் உண்டு. இங்க நிக்காதிங்க."

மாமன் சொன்னது அவ்வளவுதான். கெட்ட மனிதர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாசலை நான் மன்னிக்கவில்லை. சபைக்கூடத்துக்குப் போனோம், அங்கே பூட்டு. அப்பாவின் சினேகிதர்கள் வீடுகளில் பெண்கள் மட்டும். ஜன்னல் வழியே பேசினார்கள். ஒருத்தி அவித்த முட்டை ஒன்றை வெளியே நீட்டினாள். மூன்றாகப் பிய்த்துத் தின்றோம்.

தேங்காய் நார்த் தும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நாகர்கோவிலுக்குப் போனது. வண்டிக்காரர் எங்களைத் தும்புக்குள் உட்காரவைத்து மூடினார். பெயர் கேட்கவில்லை. பெயர் சொல்லவும் இல்லை. தும்புத் தூசியில் லில்லி இருமி இருமி மூத்திரம் போனாள். தக்கலையில் போலீஸ் வண்டியை நிறுத்தியது. ஒரு கம்பி தும்புக்குள் இறங்கியது. என் தோளுக்கும் தாசனின் காதுக்கும் நடுவே. வெளியே போயிற்று. வண்டி நகர்ந்தது.

நாகர்கோவிலிலிருந்து கிழக்கே நடந்தோம். எங்களுக்கு மிச்சமிருந்த உறவு ஒன்றுதான். அஞ்சுகிராமத்துக்கு வெளியே, பனங்காட்டு ஓரத்தில், ராசம்மை சித்தி. அப்பாவின் தம்பி கட்டியவள். சித்தப்பா கொழும்பில் கடைச் சிப்பந்தி. கல்யாணம் முடிந்த வருஷமே கப்பலேறியவர். பிள்ளை கிடையாது. சித்தியை நான் அதற்கு முன் பார்த்தது கல்யாணத்தன்று மட்டும். எங்கள் ரத்தம் அவளிடம் ஒரு சொட்டு இல்லை.

சித்தி முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். எங்கே அப்பன், எங்கே அம்மை என்று ஒரு கேள்வி கிடையாது.

"வந்துட்டியளா மக்கா? கால கழுவுங்க. கஞ்சி இருக்கு."

அன்று இரவு எங்கள் மூன்று பேரையும் பாயில் படுக்கவைத்துவிட்டு அவள் வாசற்படியில் குறுக்கே படுத்தாள். மறுநாளும் அப்படித்தான். அங்கே இருந்த காலமெல்லாம் அப்படித்தான்.

அம்மா உயிரோடிருக்கிறாள் என்று ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி. காவலோடு. பிறகு ஜெயில். அப்பா எல்லை தாண்டி திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். அது சென்னை ராஜ்யம். அங்கே இந்தப் போலீஸ் கைவைக்க முடியாது. எல்லை சித்தி வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அப்பா அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊரில் இருந்தார். எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் இந்தப் பக்கம் வரமுடியாது. நாங்கள் அந்தப் பக்கம் போகமுடியாது. போனால் பின்னாலேயே ஆள் வரும். தூண்டிலில் புழுவைப் போட்டு வைத்தது போல எங்களை அந்த வீட்டில் விட்டுவைத்திருந்தார்கள்.

போலீஸ் வாரம் ஒருமுறை வந்தது. சில வாரம் இரண்டு முறை. முதலில் சைக்கிள் மணி. பிறகு படலைக் காலால் தள்ளுகிற சத்தம். பானைகளைக் கவிழ்ப்பார்கள். ஓலையை மிதிப்பார்கள். ஏட்டு ஒருவர், மீசைக்காரர், வடக்கேயிருந்து வந்தவர், குனிந்து லில்லியின் கன்னத்தைப் பிடித்து ஆட்டுவார்.

"எவிடெடீ நின்றெ அச்சன்?"

அப்பன் எங்கே என்று கேட்கிறார். லில்லிக்கு மலையாளம் புரியாது. மீசையைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக ஒருநாள் சித்திக்கு அடி விழுந்தது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள் என்று. புறங்கையால் ஒன்று, பிறகு பெல்ட்டால். சித்தி கீழே விழாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து மிச்ச ஓலையை முடைந்தாள்.

கடவம் முடைந்து விற்பதுதான் அவள் பிழைப்பு. பனையோலைப் பெட்டி. அஞ்சுகிராமம் சந்தையில் நிரந்தரமாக எடுக்கிற வியாபாரி ஒருவர் இருந்தார். போலீஸ் வரத் தொடங்கியதும் அவர் எடுப்பதை நிறுத்தினார். காரணம் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வருகிற பணமும் நின்றுபோயிற்று. சித்தி தலையில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனாள். இராஜாக்கமங்கலம் வரை நடந்தாள். மீன்காரிகள் வாங்கினார்கள். சில நாள் பெட்டிக்குப் பதில் மீன் கொடுத்தார்கள். அந்த நாட்கள் எங்களுக்குக் கிறிஸ்மஸ்.

நாகர்கோவிலில் போராட்டக்காரர்களுக்கு உதவ ஒரு குழு வைத்திருந்தார்கள். ஜெயிலில் இருப்பவர்கள் குடும்பத்துக்கு அரிசி, துணி. யாரோ சித்தியிடம் சொன்னார்கள். எங்கள் மூன்று பேருக்கும் தலை வாரி, முகம் கழுவி, அழைத்துக்கொண்டு போனாள். பெரிய வீடு. திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் எங்கள் அப்பா பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். லில்லியைத் தூக்கிக் கொஞ்சினார். சிங்கத்தின் குட்டிகள் என்றார். பிறகு சித்தியைப் பார்த்தார்.

"நீங்க பிள்ளையளுக்கு யாரு?"

"சித்தி."

"தாய்க்கு கூடப் பிறந்தவளா?"

"இல்ல. இவியளுக்க சித்தப்பன் பெண்டாட்டி."

"அப்போ வேற குடும்பம்லா? தாயோ தகப்பனோ வந்து கேட்டா குடுக்கலாம். கண்டவங்க கையில குடுத்தா நாளைக்கு எங்ககிட்ட கேள்வி வரும், பாத்துக்கிடுங்க."

தாய் ஜெயிலில். தகப்பன் தலைமறைவு. அதனால்தான் நாங்கள் அங்கே நின்றோம். சித்தி அதைச் சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். எங்களுக்கு ஆளுக்கொரு நாரங்கா மிட்டாய் கொடுத்தார். உள்ளே சாக்குகள் அடுக்கியிருந்தது தெரிந்தது. அவருக்கு இருந்த அரிசி சிங்கத்தின் குட்டிகளுக்கு. எங்களை வைத்திருந்தவளுக்கு இல்லை. அவள் எதைப் பொங்கி எங்களுக்குப் போடுவாள் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வருகிற வழியில் லில்லி சித்தியின் தோளில் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் "அம்மை" என்றாள். சித்தி நின்றாள். லில்லி சில வாரமாகவே அப்படித்தான் கூப்பிட்டாள். சித்தி ஒவ்வொரு முறையும் திருத்துவாள்.

"சித்தின்னு கூப்பிடு மக்கா. ஒனக்க அம்மை வருவா. அவ காதுல விழுந்தா சங்கடப்படுவா."

லில்லி தலையாட்டுவாள். மறுபடி அம்மை என்பாள். தாசனும் நானும் சித்தி என்றோம். ஆனால் எனக்கு ஒரு பயம் இருந்தது. அம்மா வந்தால் இவளை விட்டுப் போக வேண்டுமே என்ற பயம். அம்மா வரக்கூடாது என்று ஒருநாளும் ஜெபிக்கவில்லை. வர வேண்டும் என்று ஜெபிக்கவும் மெல்ல மெல்ல மறந்துபோனேன்.

கார்த்திகை. மழை. ஓலை காயவில்லை. பெட்டி விற்கவில்லை. மூன்று நாள் கஞ்சித் தண்ணீர். நான்காம் நாள் விடிவதற்கு முன் கதவை யாரோ சுரண்டினார்கள். அப்பாவோடு இயக்கத்தில் இருந்த செல்லையன் அண்ணன். எங்கள் ஊர்க்காரர், பனையேறி. தலையில் ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கு. மேற்கேயிருந்து அவ்வளவு தூரமும் சுமந்து வந்திருக்கிறார்.

"பிள்ளையளுக்கு மரச்சீனி. நம்ம விளையில பிடுங்கினது. வச்சிக்கிடுங்க. நான் நிக்கப்பிடாது."

போய்விட்டார். அத்தனை மாதத்தில் சித்தி கைக்குக் கிடைத்த ஒரே உதவி அது. சித்தி சாக்கைத் திறந்து கிழங்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

செல்லையன் அண்ணன் வந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். காலையில் சைக்கிள் மணி. ஏட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அவுட்போஸ்ட் முற்றத்தில் நிறுத்தினார்கள். வந்தவன் யார். அப்பன் எங்கே. என்ன சொல்லி அனுப்பினான். எனக்குத் தெரிந்தது மரச்சீனி மட்டும். அதையும் சொல்லவில்லை. சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். மழை பெய்தது. நின்றேன். மழை விட்டது. நின்றேன். பொழுது சாய்கிற நேரத்தில் போ என்றார்கள்.

நான் இல்லாத நேரத்தில் வீட்டில் நடந்தது இது.

எங்கள் பக்கத்தில் மரச்சீனி இரண்டு இனம். ஒன்று சாதாரணம், சுட்டும் தின்னலாம். இன்னொன்று கைக்கிற இனம். எலியும் பன்றியும் தொடாது என்பதால் விளை ஓரமெல்லாம் அதை நடுவார்கள். அதில் விஷம் உண்டு. தோலைச் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீர் வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி தண்ணீர் வைத்து, மறுபடி கொட்ட வேண்டும். பிறகுதான் தின்ன வேண்டும். இது எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. செல்லையன் அண்ணன் கொண்டுவந்தது அந்தக் கைக்கிற இனம். அவரும் சொல்லவில்லை.

சித்தி பனங்காட்டுக்காரி. அவளுக்குக் கிழங்கு என்றால் பனங்கிழங்கு. பனங்கிழங்கை எப்படி அவிப்பார்கள்? முழுசாகப் பானையில் அடுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, தண்ணீர் கிழங்கிலேயே சுண்டும்வரை அவிப்பார்கள். சித்தியும் அப்படியே செய்தாள். சத்து வீணாகிவிடக் கூடாது என்று ஒரு சொட்டு வெளியே விடவில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு அவள் செய்யக்கூடிய மிக நல்ல சமையல் அது. தாசன் கசக்கிறது என்றான். அவள் கருப்பட்டியை இடித்துத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். வீட்டில் இருந்த கடைசிக் கருப்பட்டி. கருப்பட்டியோடு லில்லி கேட்டுக் கேட்டுத் தின்றாள். சித்தி தின்னவில்லை. நான் வந்த பிறகு என்னோடு சேர்ந்து தின்னலாம் என்று எடுத்து வைத்திருந்தாள்.

நான் படலைத் திறக்கிறேன். தாசன் முற்றத்தில் குப்புறக் கிடந்து வாந்தி எடுக்கிறான். சித்தி லில்லியை மடியில் போட்டுக்கொண்டு விசிறுகிறாள். லில்லியின் கண் மேலே சொருகியிருக்கிறது. மூச்சு விட்டுவிட்டு வருகிறது. கொர்ர் என்று ஒரு சத்தம். நிற்கிறது. மறுபடி கொர்ர். அடுக்களையில் மஞ்சள் மணம். பானையைப் பார்த்தேன். தோலோடு முழுக் கிழங்கு.

"சித்தி, தண்ணிய வடிச்சியளா?"

"என்னத்துக்கு மக்கா வடிக்கணும்?"

என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. லில்லியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் தாசனை இழுத்துக்கொண்டு பின்னால். வாந்தி எடுத்ததால் அவன் பிழைத்தான். நாகர்கோவிலுக்கு அந்நேரம் பஸ் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரே டாக்டர் எல்லைக்கு அந்தப் பக்கம். நடந்தால் அரைமணி. சித்தி நடக்கவில்லை.

எல்லையில் சாவடி. அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்க வைத்திருந்தது. ஒரு மூங்கில் கம்பு, ஒரு ராந்தல், நாலு போலீஸ்காரர்கள். அந்த மீசைக்கார ஏட்டும் அன்று அங்கே இருந்தார். எங்களைக் கண்டதும் பீடியை எறிந்தார், தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்.

"நில்லு! அப்பன பாக்கத்தானே போறே?"

"அய்யா, பிள்ளைக்கு விஷம் ஏறிப்போச்சு. டாக்டர் அந்தப் பக்கம் இருக்காரு. விடுங்கய்யா!"

"ஆள் இருக்கிற எடத்த சொல்லு. விடுறேன்."

"எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமாத் தெரியாது."

"அப்போ நில்லு."

சித்தி நின்றாள். அவரைப் பார்த்தாள். பிறகு செய்தது இது. லில்லியைத் தோளிலிருந்து இறக்கினாள். சாவடி வாசலில், அவர் பூட்ஸுக்கு முன்னால், மண்ணில் கிடத்தினாள். தன் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

"நான் வரல்ல. இங்கேயே கிடக்கேன். என்னப் பூட்டுங்க, கொல்லுங்க. பிள்ளைய மட்டும் உங்க ஆளு ஒருத்தர் தூக்கிட்டுப் போகட்டு. ஓடச் சொல்லுங்கய்யா!"

ஒரு போலீஸ்காரர், சின்ன வயசு, மீசை முளைக்காதவர், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்தார். லில்லியின் முதுகுக்கு அடியில் கை கொடுத்தார்.

"அவிடெ நில்லெடா!"

அங்கேயே நில்லடா என்று ஏட்டு போட்ட அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சந்தை முக்கு வெடிச்சத்தம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. சின்னப் போலீஸ்காரர் கையை எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்றார். மூங்கில் கம்பு அப்படியே கிடந்தது. லில்லியின் மூச்சு கொர்ர் என்றது. நின்றது. அடுத்ததற்குக் காத்திருந்தோம். எல்லாரும்தான் காத்திருந்தோம், ஏட்டும் சேர்த்து. வரவில்லை.

அப்புறம் கம்பைத் தூக்கினார்கள். போகலாம் என்றார் ஏட்டு. நிஜமாகவே அப்படிச் சொன்னார்.

அஞ்சுகிராமம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். உபதேசியார், சித்தி, தாசன், நான். சித்தி முடைந்த கடைசிப் பாயில் சுற்றியிருந்தது. வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர். அப்பா வருவார் என்று காத்து நின்றார்கள். இயக்கத்து ஆட்கள் வழியாக அப்பாவுக்குச் செய்தி போயிருந்தது. அவர் வரவில்லை. வந்தால் பிடித்திருப்பார்கள். இயக்கம் பாதிக்கப்பட்டிருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். போலீஸ்காரர்களும் நானும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்தோம்.

மறுவருஷம் கைதிகளை விட்டார்கள். அம்மா வந்தாள். கக்கத்தில் கம்பு. இடது கால் மடங்கவில்லை. படலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. லில்லி எப்படிப் போனாள் என்று அவளுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

சித்தி தலையைக் குனிந்து நின்றாள்.

"தண்ணிய வடிக்கத் தெரியாதவ கையிலயா எனக்க பிள்ள கிடந்துது?"

அம்மா கம்பை மாற்றி ஊன்றினாள்.

"நீ மட்டும் திங்கல்ல. இல்லியா?"

நான் கத்தினேன். எனக்காக எடுத்து வைத்திருந்தாள் என்று கத்தினேன். அம்மா காதில் ஏறவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் என்னால் முடியவில்லை. ஜெயிலில் அத்தனை மாதமும் லில்லிக்கு நாலு வயது முடிந்திருக்கும், ஐந்து தொடங்கியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே இருந்தவள். யாரையாவது அடிக்க வேண்டும் அவளுக்கு. ஏட்டை அடிக்க முடியாது. அப்பாவை அடிக்க முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றவள் சித்திதான்.

சித்தி எங்கள் துணிகளைக் கடவத்தில் அடுக்கி வைத்திருந்தாள். துவைத்து மடித்தது. பஸ் நிற்கிற இடம்வரை தலையில் சுமந்து வந்தாள். அம்மா முன்னால் நடந்தாள், திரும்பவில்லை. பஸ் வந்தது. தாசன் சித்தியின் சேலையை விடவில்லை. திக்கித் திக்கி ஏதோ சொல்லப் பார்த்தான். வார்த்தை வருவதற்குள் கண்டக்டர் விசில் ஊதினார். சித்தி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஏறு மக்கா. அம்மைகிட்ட போ."

1956 நவம்பர் ஒன்றாம் தேதி. தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம். நாகர்கோவிலில் கூட்டம். வாண வேடிக்கை. ஒவ்வொரு வேட்டுக்கும் தாசன் காதைப் பொத்தினான். அப்பா மேடையில். கழுத்து கொள்ளாத மாலை. அன்று அரிசி கொடுக்காதவரும் மேடையில், அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில். எங்களுக்கு முன்வரிசை. அப்பா பேசினார். நல்ல குரல் அவருக்கு.

"என் கடைக்குட்டியையும் இந்த மண்ணுக்காகக் கொடுத்தேன்!"

கைதட்டல். வெகுநேரம். அம்மா அழுதாள். நான் திரும்பிப் பார்த்தேன். ஏன் திரும்பினேன் என்று தெரியாது. கூட்டத்தின் கடைசியில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ராசம்மை சித்தி. அஞ்சுகிராமத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். காலெல்லாம் புழுதி. உட்கார இடம் இல்லை. மெலிந்துபோயிருந்தாள். அப்பா சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் மேடையைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்ந்திருக்கிறோமா என்று பார்த்திருப்பாள்.

எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு" என்றாள். இருந்துவிட்டேன். மறுபடி திரும்பியபோது பந்தல் காலடியில் வேறு யாரோ நின்றார்கள்.

அப்பா கொடுத்தேன் என்றார். கொடுக்கவில்லை. எங்களை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்கள் போய் நின்றோம், ஒருத்தி கால் கழுவச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை, ஒரு சாக்கு மரச்சீனியைத் தவிர. மேடைகளில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

எங்கள் குடும்பம் இழந்தது:

ஓட்டு வீடு ஒன்று. போலீஸ் ஓட்டைப் பிரித்தது, மழை சுவரைக் கரைத்தது.

ஆடு இரண்டு.

அம்மாவின் இடது கால்.

தாசனின் பேச்சு.

அப்பா ஒன்றும் இழக்கவில்லை. லில்லியை அவர் கணக்கில் நான் எழுதமாட்டேன்.

செல்லையன் அண்ணன். லில்லிக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு பனை ஏறவில்லை, குடித்தார், குடித்தே போனார்.

பிள்ளைகளில், அம்மா இழந்தது ஒன்று. ராசம்மை சித்தி இழந்தது மூன்று.